லிங்கன் கட்சிக்குக் கறுப்பின மக்கள் ஏன் ஓட்டுப் போடுவதில்லை?

2 செப்டம்பர் 2025, வாசகர் கேள்வி

அடிமை முறையை ஒழித்த லிங்கன் குடியரசுக் கட்சி. அடிமை முறைக்காகப் போருக்குப் போன தெற்கு ஜனநாயகக் கட்சியின் கோட்டை. பிறகு கறுப்பின மக்களை வாக்குச்சாவடிப் பக்கமே வரவிடாமல் துரத்தியதும் அதே கட்சிதான். நிறப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டத்துக்குக்கூட குடியரசுக் கட்சியில்தான் அதிக விகிதத்தில் ஆதரவு. "இரண்டு கட்சிகளும் இடம் மாறிக்கொண்டன" என்பது ஜனநாயகக் கட்சிக்காரர்கள் கட்டிவிட்ட கதை. மறுக்க முடிந்தவர்கள் மறுக்கலாம்.

2 செப்டம்பர், இரவு

நீங்கள் அடுக்கிய தகவல்கள் எல்லாம் சரி, முடிவுதான் தவறு. குடியரசுக் கட்சி 1854இல் பிறந்ததே அடிமை முறை மேற்கே பரவக் கூடாது என்பதற்காக. 1860இல் தெற்கின் பத்து மாநிலங்களில் லிங்கனுக்கு விழுந்த ஓட்டு என்று ஒன்றே கிடையாது. செனட்டுக்கு (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) போன முதல் கறுப்பினத்தவர் ஹைரம் ரெவல்ஸ், 1870, மிசிசிப்பி, குடியரசுக் கட்சி. அந்தக் காலத்தில் தெற்கில் ஒரு கறுப்பினத்தவர் ஜனநாயகக் கட்சிக்குப் போட நினைத்தே பார்த்திருக்க மாட்டார்.

இரண்டே எண்கள் தருகிறேன். 1936 அதிபர் தேர்தலில் மிசிசிப்பியில் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட் வாங்கியது 97 சதவீதம். 1964இல் அதே மிசிசிப்பியில் குடியரசுக் கட்சியின் கோல்ட்வாட்டர் வாங்கியது 87 சதவீதம். இரண்டு தடவையும் அங்கே ஓட்டுப் போட முடிந்தவர்கள் அநேகமாக வெள்ளையர்கள் மட்டும்தான். நடுவில் இருப்பது 28 வருடம். கோல்ட்வாட்டர் சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக ஓட்டளித்த செனட்டர். ஜனநாயகக் கட்சி அதிபர் ஜான்சன் அந்தச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார், அந்த ஒரு கையெழுத்தில் தெற்கு புரண்டது.

4 செப்டம்பர்

1964 விகிதக் கணக்கைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். செனட்டில் குடியரசுக் கட்சி 27க்கு 6, ஜனநாயகக் கட்சி 46க்கு 21. ஆமாம், விகிதத்தில் குடியரசுக் கட்சியே முன்னால். அந்தக் கட்சியின் செனட் தலைவர் எவரெட் டர்க்சன் இல்லாமல் மசோதா தேறியிருக்காது. அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே ஓட்டை வடக்கு, தெற்கு என்று பிரித்துப் பாருங்கள். தெற்கு ஜனநாயகக் கட்சிக்காரர்களில் ஆதரித்தவர் ஒரே ஒருவர், டெக்சஸின் யார்பரோ. எதிர்த்தவர்கள் 20. தெற்கில் குடியரசுக் கட்சிக்கு அன்று ஒரே செனட்டர்தான், அவரும் எதிர்த்தார். வடக்கில் ஜனநாயகக் கட்சி 45க்கு 1, குடியரசுக் கட்சி 27க்கு 5. அதாவது தெற்கை எடுத்தாலும் வடக்கை எடுத்தாலும் ஜனநாயகக் கட்சியின் ஆதரவு விகிதம்தான் கூடுதல். மொத்தமாகக் கூட்டினால் மட்டும் தலைகீழாகத் தெரியும், காரணம் எதிர்த்த தெற்கத்தியர்கள் எல்லாரும் அன்று ஒரே கட்சிக்குள் இருந்தார்கள்.

கட்சியைப் பார்க்காதீர்கள், ஊரைப் பாருங்கள். எனக்குப் புரிந்தது அப்படித்தான்.

7 செப்டம்பர்

ஊர் என்றால் நான் இருக்கும் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். வட கரோலினாவில் கான்கார்ட். பதினேழு வருடமாக இங்கேதான்.

பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகும்போது ஒரு தடவை வில்மிங்டனில் நிறுத்தினோம். ஊரின் வடக்கு ஓரத்தில் வெண்கலத்தில் துடுப்புகள் மாதிரி ஆறு தூண்கள் நிற்கின்றன, ஆள் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு இருக்கும். பெரியவள் கல்வெட்டை வாசித்துவிட்டு, "அப்பா, இது இங்கேயா நடந்தது?" என்றாள். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து வாரக்கணக்காகப் படித்தேன்.

1890களில் இந்த மாநிலத்தில் கடனில் மூழ்கிய வெள்ளை விவசாயிகளின் பாப்புலிஸ்ட் கட்சியும், பெரும்பாலும் கறுப்பின ஆதரவில் நின்ற குடியரசுக் கட்சியும் கூட்டணி வைத்தன. 1894இல் சட்டமன்றம், 1896இல் ஆளுநர் பதவி, இரண்டும் அவர்கள் கைக்கு வந்தன. வில்மிங்டன் அன்று மாநிலத்தின் பெரிய நகரம், கறுப்பினத்தவர்களே பெரும்பான்மை. நகர மன்றத்திலும் காவல் துறையிலும் கறுப்பினத்தவர்கள் இருந்தார்கள், அலெக்ஸ் மான்லி என்பவர் ஒரு நாளிதழே நடத்தினார்.

1898 நவம்பர் 10. தேர்தல் முடிந்த இரண்டாம் நாள். துப்பாக்கியோடு வந்த கும்பல் மான்லியின் அச்சகத்தை எரித்தது, கண்ணில் பட்ட கறுப்பினத்தவர்களைச் சுட்டது, மக்கள் தேர்ந்தெடுத்த நகர நிர்வாகத்தை மிரட்டி ராஜினாமா வாங்கியது. கும்பலுக்குத் தலைமை தாங்கிய வாடெல் அன்றே மேயர். ஜனநாயகக் கட்சி. இறந்தவர்களை யாரும் முறையாக எண்ணி வைக்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து மாநில அரசியல் சட்டத்தில் திருத்தம்: ஓட்டுப் போட எழுத்தறிவுத் தேர்வு, தலைவரி. 1867 ஜனவரி 1க்கு முன் ஓட்டுரிமை இருந்தவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் தேர்விலிருந்து விலக்கு. அந்தத் தேதியில் கறுப்பினத்தவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. சட்டத்தில் எங்கேயும் நிறத்தைச் சொல்லவே இல்லை, ஒரு தேதியை மட்டும் சொன்னார்கள். அந்த எழுத்தறிவுத் தேர்வு செல்லும் என்று 1959இல்கூட உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

அப்போது இங்கிருந்து காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றம்) இருந்தவர் ஜார்ஜ் ஹென்றி ஒயிட். குடியரசுக் கட்சி, அடிமையாகப் பிறந்ததாகவும் சொல்வார்கள். 1901 ஜனவரியில் கடைசிப் பேச்சில், இது தற்காலிக விடைபெறல்தான், ஃபீனிக்ஸ் பறவைபோல் ஒருநாள் திரும்பி வருவோம் என்றார். வட கரோலினாவிலிருந்து அடுத்த கறுப்பின உறுப்பினர்கள் காங்கிரஸுக்குப் போனது 1992 தேர்தலில். ஈவா கிளேட்டன், மெல் வாட். இரண்டு பேருமே ஜனநாயகக் கட்சி.

போனவர் ஒரு கட்சி, திரும்பி வந்தவர்கள் இன்னொரு கட்சி. கேள்வி கேட்டவர் தேடும் பதில் அந்த இடைவெளிக்குள் கிடக்கிறது.

8 செப்டம்பர்

ஒயிட் பற்றி ஒரு திருத்தம். "அடிமையாகப் பிறந்ததாகச் சொல்வார்கள்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். உறுதியாகத் தெரியாத ஒன்றை அப்படி எழுதியிருக்கக் கூடாது. அதை விட்டுவிட்டுப் படியுங்கள்.

10 செப்டம்பர்

இன்னொரு திருத்தம், இது பெரியது. முதல் குறிப்பில் "ஒரு கையெழுத்தில் தெற்கு புரண்டது" என்றேன். மிசிசிப்பிக்குப் பொருந்தும், என் மாநிலத்துக்கே பொருந்தாது. 1964இல் வட கரோலினா ஜான்சனுக்குத்தான் போட்டது. 1968இல் நிக்சன் முதல், நிறப் பிரிவினை பேசித் தனியாக நின்ற அலபாமாவின் வாலஸ் இரண்டாவது, ஜனநாயகக் கட்சி மூன்றாவது. 1972இல் ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் குடியரசுக் கட்சி செனட்டராகிறார், அதற்கு இரண்டு வருடம் முன்புவரை அவரே ஜனநாயகக் கட்சியில் பதிவு செய்தவர். 1976இல் மறுபடி கார்ட்டர். சட்டமன்றத்தின் இரண்டு அவைகளும் குடியரசுக் கட்சி கைக்குப் போனது 2010இல்தான்.

மேலே அதிபர் ஓட்டு மாறி நாற்பது வருடம் கழித்துத்தான் கீழே சட்டமன்ற ஓட்டு முழுசாக மாறியது. இடைப்பட்ட காலத்தில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே வாக்குச்சீட்டில் மேலே ஒரு கட்சி, கீழே இன்னொரு கட்சி என்று குத்தினார்கள். இங்கே ஒரே கோடு போட்டு முழுக் கட்சிக்கும் ஓட்டளிக்கும் வசதி இருந்தது, 2013இல்தான் எடுத்தார்கள். ஆனால் அந்தக் கோடு அதிபர் பதவிக்குச் செல்லாது, அதற்குத் தனியாகக் குத்த வேண்டும். வாஷிங்டன் மேல் கோபம் இருந்தால் அதை அங்கே காட்டிக்கொள்ளுங்கள், ஊர் ஷெரிஃபை விட்டுவிடாதீர்கள் என்கிற ஏற்பாடு அது.

13 செப்டம்பர்

"சரி, வெள்ளையர்கள் 1964க்குப் பிறகு போனார்கள். கறுப்பின மக்கள் எப்போது வந்தார்கள்?" நல்ல கேள்வி. அது 1964க்கு முப்பது வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

சிகாகோவைப் பாருங்கள். தெற்கிலிருந்து தப்பி வடக்கே போனவர்களின் ஓட்டில் 1928இல் ஆஸ்கர் டி பிரீஸ்ட் காங்கிரஸுக்குப் போனார், குடியரசுக் கட்சி. 1934இல் அவரைத் தோற்கடித்தவர் ஆர்தர் மிட்செல். அவரும் கறுப்பினத்தவர், ஜனநாயகக் கட்சி சார்பில் காங்கிரஸுக்குப் போன முதல் கறுப்பினத்தவர். நடுவில் வந்தது பெரும் பொருளாதாரச் சரிவு. ரூஸ்வெல்ட்டின் நிவாரண வேலையும் கூலியும் அடுப்பெரிய வைத்தன. லிங்கனுக்குப் பட்ட கடன் போதும், அடைத்தாயிற்று என்று மக்கள் நினைக்க ஆரம்பித்தார்கள்.

அந்த ரூஸ்வெல்ட்டின் 1935 சமூகப் பாதுகாப்புச் சட்டம் விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்தியது. தெற்கில் அந்த இரண்டு வேலையையும் யார் செய்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. அப்படியும் வந்தார்கள். பசி எவ்வளவு இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஆக ஒரே கட்சிக்குள் அலபாமாவின் நிறவெறியரும் சிகாகோவின் கறுப்பினத் தொழிலாளியும். எத்தனை நாள் தாங்கும்? 1948இல் ட்ரூமன் ராணுவத்தில் நிறப் பிரிவினையை நீக்க உத்தரவிட்டார். தெற்கு கரோலினாவின் ஸ்ட்ராம் தர்மண்ட் நிறப் பிரிவினை வேண்டும் என்று அதே வருட அதிபர் தேர்தலில் தனியாக நின்று நான்கு மாநிலங்களைப் பிடித்தார். அந்தத் தர்மண்ட் குடியரசுக் கட்சிக்குப் போய்ச் சேர 1964 செப்டம்பர் ஆயிற்று. விரிசல் விட்டு வீடு இடிய பதினாறு வருடம்.

20 செப்டம்பர்

கடந்த வாரம் ஒருவர், "எல்லாவற்றையும் இனத்தைக் கொண்டே விளக்குகிறீர்கள்" என்று குறைப்பட்டார். அவர் சொன்னதிலிருந்து மனம் அதிலேயே நிற்கிறது. என் பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றி எழுதுகிறேன். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றார்.

கான்கார்டுக்கு அடுத்து கன்னபோலிஸ். ஒரு காலத்தில் அந்த ஊரே துண்டு நெய்யும் ஆலை. வீடு, கடை, தெருவிளக்கு எல்லாம் ஆலைக்குச் சொந்தம். 1984 வரை அதற்கு நகராட்சிகூடக் கிடையாது. பெரியவர் 1961இல் பதினெட்டு வயதில் தறிக்கூடத்தில் சேர்ந்தவர். அப்பாவும் அதே ஆலை.

நான் கரூர்க்காரன். சித்தப்பா அங்கே விசைத்தறி போட்டு ஏற்றுமதிக்குக் கிச்சன் டவல் நெய்கிறார். 2011இல் ஊருக்குப் போய்விட்டு வரும்போது ஒரு டஜன் கொண்டுவந்து பெரியவரிடம் நாலு கொடுத்தேன். யாரிடம் எதைக் கொடுக்கிறோம் என்று நான் யோசிக்கவே இல்லை.

அவர் விரிக்கவில்லை. முதலில் கரையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து மெல்ல உருட்டினார். பிறகு சன்னல் பக்கம் திரும்பி வெளிச்சத்தில் பிடித்து ஊடையை நகத்தால் நெருடிப் பார்த்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "இங்கே ஒரு இழை அறுந்து திரும்பக் கட்டியிருக்காங்க. கட்டினவருக்கு நல்ல கை" என்றார். எனக்கு முடிச்சே தெரியவில்லை. அதற்கப்புறம்தான் மூலையில் தைத்திருந்த சீட்டைத் திருப்பி எந்த நாடு என்று பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "நல்ல துணி" என்று மடித்து வைத்துக்கொண்டார்.

2003 ஜூலை 30 அன்று ஆலை மூடியது. அந்தப் பகுதியில் மட்டும் ஒரே நாளில் நாலாயிரம் பேருக்கு மேல் வேலை போனது. அவருக்கு அப்போது அறுபது. மூடி ஒன்றரை வருடத்தில், 2005 ஜனவரி 1இல், எந்த நாடு எவ்வளவு துணி அனுப்பலாம் என்று கட்டுப்படுத்திய உலக ஜவுளி வர்த்தகத்தின் கோட்டா முறை முடிந்தது. கரூரில் சித்தப்பா கூடுதல் தறி போட்டதும் அதே வருடம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு அந்த நாலு துண்டுகள் தேவைப்பட்டன.

21 செப்டம்பர்

அவர் போட்ட ஓட்டுகளை ஒரு மாலை வரிசையாகச் சொன்னார். 1964இல் இருபத்தொரு வயது, முதல் ஓட்டு, ஜான்சன். 1968 வாலஸ். 1976 கார்ட்டர், தன்னைப் போல பாப்டிஸ்ட் கிறிஸ்தவர் என்பதால். 1980இலிருந்து ரீகன், பிறகு பெரும்பாலும் குடியரசுக் கட்சி.

வாலஸுக்கு ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். 1965 வரை கறுப்பினத்தவர்களுக்கு ஆலையில் பஞ்சுப் பொதி இறக்குகிற வேலை, கூட்டுகிற வேலைதான். தறிப்பக்கம் விடமாட்டார்கள். சிவில் உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் உள்ளே வந்தார்கள். "நம்ம வேலை போயிடும்னு பயந்தோம். யாரும் எடுக்கலை. அவங்களும் நாங்களும் ஒரே நாள்ல வெளியே வந்தோம்" என்றார்.

இனத்தை வைத்தே எல்லாவற்றையும் விளக்குகிறேன் என்று சொன்னவருக்கு: இவர் கதையில் இனம் எங்கே முடிகிறது, வேலை எங்கே தொடங்குகிறது என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

21 செப்டம்பர், பின்னிரவு

வர்த்தகக் கொள்கை எப்படித் திரும்பியது என்று சொல்லாமல் விட்டேன். இறக்குமதி வரி என்றாலே ஒரு காலத்தில் குடியரசுக் கட்சிதான். 1890 மெக்கின்லி வரி, 1930 ஸ்மூட்-ஹாலி. வரியைக் குறைக்கச் சொன்னது, பருத்தி ஏற்றுமதி செய்த தெற்கும் ஜனநாயகக் கட்சியும். 1934இல் வரி குறைப்பு ஒப்பந்தங்களுக்குக் கதவு திறந்தது ரூஸ்வெல்ட். அப்புறம் இரண்டும் மெல்ல இடம் மாறின. 1985இல் ஜவுளி இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் மசோதா காங்கிரஸில் தேறியது, தர்மண்ட் முன்நின்றார். அதிபர் ரீகன் கையெழுத்திட மறுத்துத் தடுத்தார். தடுப்பை உடைக்க அடுத்த வருடம் பிரதிநிதிகள் அவையில் ஓட்டெடுப்பு நடந்தது, தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு எட்டு ஓட்டுக் குறைந்து தோற்றது. பெரியவருக்கு அந்த எட்டு இன்னும் நினைவிருக்கிறது.

1993 நாஃப்டா (மெக்சிகோ, கனடாவோடு தடையில்லா வர்த்தகம்): சட்டத்தில் கையெழுத்திட்டவர் கிளின்டன். ஆனால் பிரதிநிதிகள் அவையில் ஆதரித்தவர்களில் 132 பேர் குடியரசுக் கட்சி, 102 பேர்தான் அவருடைய சொந்தக் கட்சி. ஆலைத் தொழிலாளிக்கு அன்று இரண்டு கதவும் சாத்தியாகிவிட்டது. டிரம்ப் மெக்கின்லியின் பெயரைச் சொல்லி வரி போட வந்தபோது பெரியவர் போன்றவர்கள் ஏன் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள் என்று எனக்குப் புரிகிறது.

புரிந்தாலும், 2025 ஆகஸ்ட் 27 அன்று பெரும்பாலான இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி வந்தது. சித்தப்பா போனில், "ஆர்டரை நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்கடா, தறிக்காரங்களுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியலை" என்றார். கன்னபோலிஸ் ஆலை இடித்த இடத்தில் இன்று ஆராய்ச்சிக் கட்டிடங்கள். அங்கே எந்தத் தறியும் திரும்ப ஓடப்போவதில்லை.

28 செப்டம்பர்

குடியேற்றம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1946 சட்டப்படி இந்தியர்களுக்கு வருடத்துக்கு 100 இடம். நூறுதான். 1965இல் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டம் அந்த நாட்டுவாரிக் கோட்டாவை ஒழித்தது. சிவில் உரிமைச் சட்டம் கொண்டுவந்த அதே காங்கிரஸ் காலத்து வேகம் அதற்குப் பின்னால் இருந்தது. 1986இல் ஆவணமில்லாத இருபத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குச் சட்ட அந்தஸ்து கிடைக்க வழி செய்த சட்டம் ரீகனுடையது. நான் 2001இல் வந்த ஹெச்1பி விசாவை உண்டாக்கியது 1990 சட்டம், கையெழுத்து மூத்த புஷ். அந்த இரண்டு பேரின் கட்சியில் இன்று அப்படி ஒரு மசோதாவை யாராவது எடுத்து வந்தால் உட்கட்சித் தேர்தலிலேயே முடித்துவிடுவார்கள்.

இதே மாநிலத்தின் கிரீன்ஸ்போரோவில், வெள்ளையர்களுக்கு மட்டும் பரிமாறிய உணவு மேடையில் 1960 பிப்ரவரி 1 அன்று நான்கு கறுப்பின மாணவர்கள் போய் உட்கார்ந்திராவிட்டால் எனக்கு இங்கே இடமில்லை என்று என் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். மிகை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நான் நம்புகிறேன்.

29 செப்டம்பர்

"அதே காங்கிரஸ்" இல்லை, அடுத்த காங்கிரஸ். 1964 தேர்தலுக்குப் பிறகு வந்தது. சுட்டிக்காட்டியவர் சரி.

1 அக்டோபர்

கருக்கலைப்பை விட்டுவிட்டேன் என்கிறார்கள். ஒரே தகவல்: 1967இல் கலிபோர்னியா ஆளுநராகக் கருக்கலைப்புச் சட்டத்தைத் தளர்த்திக் கையெழுத்திட்டவர் ரீகன். 1980இல் அதை எதிர்ப்பவர்களின் வேட்பாளரும் அவரே. சட்டமன்ற ஓட்டு மாற நாற்பது வருடம் ஆனது என்றேன், இதற்குப் பதின்மூன்று வருடம் போதுமாக இருந்தது. எல்லா விஷயமும் ஒரே வேகத்தில் மாறவில்லை. நிறம் ஒரு வேகம், வரி ஒரு வேகம், தேவாலயம் ஒரு வேகம். "இடம் மாறிக்கொண்டன" என்ற சொல்லை நானே இனிமேல் பயன்படுத்தப் போவதில்லை. கேள்வி கேட்டவர் இந்த ஒன்றில் என்னைவிடச் சரியாக இருந்தார்.

5 அக்டோபர்

நேற்றுப் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாக்காளர் பட்டியலில் நான் எந்தக் கட்சி என்று கேட்டார். எந்தக் கட்சியும் இல்லை என்றுதான் பதிவு செய்திருக்கிறேன், இந்த மாநிலத்தில் இப்போது அப்படிப்பட்டவர்கள்தான் இரண்டு கட்சிகளில் எந்த ஒன்றையும்விட அதிகம் என்றேன். நீங்கள் எதில் என்று கேட்டேன், குடியரசுக் கட்சி என்பார் என்று எதிர்பார்த்து.

"டெமாக்ராட்" என்றார்.

நாற்பத்தைந்து வருடமாக மாற்றிப் போடுகிறீர்களே, படிவத்தை மாற்றவில்லையா என்றேன்.

"1964ல எங்க அப்பா என்னைக் கூட்டிட்டுப் போய் எழுதி வச்சது" என்றார். "அவர் பேனா. அது அப்படியே இருக்கட்டும்."